லான்செட்டில் திண்டுக்கல்: 80,269 பெண்களும் ஒன்பது பக்கக் கட்டுரையும்

திண்டுக்கல்னு சொன்னா பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம். நாலாவதா ஒன்னு சொல்லுங்கன்னா எங்க ஊர்க்காரங்களே கொஞ்சம் யோசிப்பாங்க. என்னைக் கேட்டா ஒரு ஆய்வுக் கட்டுரையைச் சொல்வேன். 2007 ஆகஸ்டில் லண்டனிலிருந்து வரும் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒன்பதே பக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியது. அதில் எண்ணப்பட்டவர்கள் 80,269 பெண்கள். எல்லோரும் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள், 30 முதல் 59 வயது வரை உள்ளவர்கள். நம்ம அம்மா, அத்தை, பெரியம்மா வயசு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இன்ஜினியரிங் படிச்சிட்டு பொட்டி தட்டுற ஆள். மருத்துவ ஆலோசனை எதுவும் இந்தப் பதிவில் கிடைக்காது. ஒரு ஆய்வைச் செய்து முடிப்பது ஒரு வேலை. அதில் நடந்ததை மறைக்காமல் எழுதிவைப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலையின் வரலாறுதான் இங்கே. பதிவு கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு உட்காருங்க :-)

குடவோலையும் மூடிய உறையும்

உத்திரமேரூர் கல்வெட்டு நம்ம எல்லோருக்கும் பாடப்புத்தகத்திலேயே அறிமுகம். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவன் எடுப்பான். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். ஏன்? கையில் வேறு ஓலை ஒளித்து வைத்திருக்கக் கூடாது. குலுக்கினால் மட்டும் போதாது, குலுக்கலில் யாரும் கை வைக்கவில்லை என்று பார்க்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இதை யோசித்திருக்கிறார்கள். அந்த விதியைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள்.

மருத்துவ ஆய்விலும் இதே பிரச்சினைதான். புது மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க நோயாளிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கிற டாக்டருக்கு அடுத்த சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், தன்னை அறியாமலேயே தெம்பான ஆளைப் புது மருந்துப் பக்கம் தள்ளிவிடுவார். 1947-ல் பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியைச் சோதித்தபோது, புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் சீட்டுகளை மூடிய உறைகளில் போட்டு வைத்தார். மொத்தம் 107 நோயாளிகள். ஊசி போட்டவர்கள் 55, போடாதவர்கள் 52. நவீன மருத்துவ ஆய்வு முறைக்குப் பிள்ளையார் சுழி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்த பெரிய அத்தியாயம் நம்ம சென்னையில். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த முதல் ஆய்வின் கேள்வி ரொம்ப எளிமையானது: காசநோயாளியை சானடோரியத்தில் சேர்த்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? ஏறக்குறைய 200 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த மெட்ராஸ் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எனக்குப் பிடித்தது அதன் அறிக்கைதான். 1959-ல் உலக சுகாதார நிறுவன இதழில் தொண்ணூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. யாரைச் சேர்த்தோம், எப்படிப் பிரித்தோம், என்ன கொடுத்தோம், என்ன ஆனது என்று பக்கம் பக்கமாக. எந்தச் சட்டமும் அவர்களை அப்படி எழுதச் சொல்லவில்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டர் டேலி ஆகணும்ல?

எல்லோரும் அப்படி எழுதவில்லை. நிறையக் கட்டுரைகளில் "நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்" என்று ஒரே வரி. எப்படிப் பிரித்தாய்? தெரியாது. பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? தெரியாது. ரேஷன் கடை ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி நினைச்சுக்கங்க. வந்த மூட்டை இவ்வளவு, போட்டது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று மூன்றும் டேலி ஆகணும். நடுவில் நாலு மூட்டையைக் காணோம்னா யாராவது கேட்பாங்க இல்லையா? மருத்துவ இதழ்களில் பல வருஷம் யாருமே கேட்கவில்லை.

1994-ல் டக் ஆல்ட்மன் என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் அறிஞர், மோசமான மருத்துவ ஆராய்ச்சி ஒரு ஊழல் என்றே பச்சையாக எழுதினார். அடுத்த வருஷம் கென்னத் ஷுல்ஸும் கூட்டாளிகளும் 250 ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். சீட்டை ஒழுங்காக மறைத்து வைக்காத ஆய்வுகள் சிகிச்சையின் பலனைச் சராசரியாக 41% மிகைப்படுத்தின. மறைத்தார்களா இல்லையா என்றே எழுதாமல் விட்ட ஆய்வுகள் 30% மிகைப்படுத்தின. இரண்டாவது எண்ணைக் கவனிங்க. எழுதாமல் விட்டதற்கே 30%! எழுத்தில் இருந்த ஓட்டைக்குப் பின்னால் வேலையிலும் ஓட்டை இருந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில் 1996-ல் வந்ததுதான் கன்சார்ட் என்கிற பட்டியல். குலுக்கல் முறை ஆய்வைப் பிரசுரிக்கிறவர் கட்டாயம் எழுத வேண்டிய விஷயங்களின் பட்டியல், கூடவே ஒரு ஓட்டப்படம். எத்தனை பேர் வந்தார்கள், எந்தக் கிளைக்கு எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் நின்றார்கள், கடைசியில் எத்தனை பேரை எண்ணினாய் என்று அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டும். தனி ஆட்களுக்குப் பதிலாக முழு ஊர்களையே குலுக்கிப் பிரிக்கிற ஆய்வுகளுக்கென்று 2004-ல் தனி விதிகள் வந்தன. திண்டுக்கல் ஆய்வு இந்த ரகம்தான்.

அம்பிளிக்கையில் ஒரு கணக்குப் புத்தகம்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தெரியாதவங்க இருக்க மாட்டீங்க. அதுக்குப் பக்கத்து ஊர் அம்பிளிக்கை. அங்கே உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமூக சுகாதார மையம் 1990-களின் நடுவிலேயே ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் பதிவேடு இருந்த காலத்தில், கிராமப்புற மாவட்டத்துக்கு ஒன்று என்பது பெரிய விஷயம். கிராமத்தில் ஒருவர் இறந்தால் காரணம் எழுதிப் பதிவாவது அபூர்வம். வயிற்று வலி வந்து போய்ச் சேர்ந்தாங்கன்னு சொல்வாங்க, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக, ஊர் ஊராகப் போய்த்தான் சேகரிக்க வேண்டும். அப்படிச் சேர்த்த கணக்கில், பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு.

இந்தப் பதிவேடு இல்லையென்றால் அப்புறம் வந்த ஆய்வே இல்லை. யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று எண்ண வழி இருந்தால்தானே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியும்.

பிரான்சில் லியோன் நகரத்தில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் (ஐ.ஏ.ஆர்.சி.) அம்பிளிக்கை மையமும் சேர்ந்து, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆய்வாளர்களின் பங்களிப்போடு, கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் இந்த ஆய்வை நடத்தின. தலைமை ஆர். சங்கரநாராயணன். மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகளை எடுத்து, குலுக்கிப் போட்டு, 57 தொகுதிகளில் பரிசோதனை, 57 தொகுதிகளில் வழக்கமான கவனிப்பு மட்டும் என்று பிரித்தார்கள்.

பரிசோதனை என்றால் பெரிய மெஷின் எல்லாம் கிடையாது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கருப்பைவாயில் தடவுவார்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், சந்தேகப்படும்படியான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறுங்கண்ணால் பார்த்தாலே போதும். சந்தேகம் வந்தால் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பது, சதைத் துணுக்கு எடுப்பது, தேவைப்பட்டால் கிரையோதெரபி கொண்டு அந்த இடத்தை உறையவைத்து அழிப்பது என்று எல்லாமே அதே வருகையில். இதற்கு 'வி.ஐ.ஏ.' என்று பெயர். லேப், ஸ்லைடு, பதினைந்து நாள் கழித்து வா என்கிற அலைச்சல் கிடையாது. கூலி வேலையை விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு சொல்லத் தேவையில்லை.

கட்டுரையைத் திறந்து பார்ப்போம்

தலைப்பிலேயே "தமிழ்நாடு" இருக்கிறது. ஊர்த் தொகுதிகளைக் குலுக்கிச் செய்த ஆய்வு என்பதும் தலைப்பிலேயே இருக்கிறது. கன்சார்ட் பட்டியல் முதலில் கேட்பது இதைத்தான்.

பரிசோதனைப் பக்கம் 49,311 பெண்கள். ஒப்பீட்டுப் பக்கம் 30,958 பெண்கள். தொகுதிகள் சமம், தலைகள் சமம் இல்லை. "ஏன்?" என்று படிக்கிறவர் உடனே கேட்கலாம். இரண்டு எண்ணும் எழுதியிருப்பதால்தான் அந்தக் கேள்வியே வருகிறது.

49,311 பேரில் 2000 முதல் 2003 வரை பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6%. மீதி 17,968 பேர் வரவில்லை. கூச்சமோ, பயமோ, வேலையோ. இப்போ ஒரு நிமிஷம் யோசிங்க. வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? தானாக வருகிறவர்கள் பொதுவாக உடம்பைக் கவனித்துக்கொள்கிறவர்கள். ரிசல்ட் அழகாக வரும், ஆனால் பொய்யாக வரும். இந்தக் கட்டுரை வராத 17,968 பேரையும் பரிசோதனைப் பக்கத்திலேயே வைத்து எண்ணியது. அரசாங்கம் நாளைக்கு இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் வராதவர்கள் இருப்பார்களே. நிஜத்தில் என்ன பலன் கிடைக்கும் என்று சொல்கிற கணக்கு இதுதான்.

வந்தவர்களில் 3,088 பேருக்குச் சந்தேகம் இருந்தது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை உறுதியானது 1,874 பேருக்கு. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72%. நூற்றுக்கு 28 பேர் கண்டுபிடித்த பிறகும் சிகிச்சை பெறவில்லை என்பது எந்த ஆய்வாளருக்கும் சொல்லக் கஷ்டமான எண். சொல்லியிருக்கிறார்கள்.

இப்போ முடிவு. 2006 வரையான கணக்கில் பரிசோதனைப் பக்கம் 167 பேருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய், 83 மரணம். ஒப்பீட்டுப் பக்கம் 158 பேருக்கு நோய், 92 மரணம். என்னடா இது, ஒன்பது மரணம்தானே வித்தியாசம்னு தோணும். இரண்டு பக்கமும் தலைகள் சமம் இல்லை என்பதை மறந்துடாதீங்க. ஒரு பெண்ணை ஒரு வருஷம் கவனித்தால் அது ஒரு பெண்-ஆண்டு. பரிசோதனைப் பக்கம் 2,74,430 பெண்-ஆண்டுகள், ஒப்பீட்டுப் பக்கம் 1,78,781. நானே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். லட்சம் பெண்-ஆண்டுக்கு 30 மரணம் ஒரு பக்கம், 51 மரணம் மறுபக்கம். நேர் வகுத்தலில் 41% குறைவு.

ஆனால் கட்டுரை சொல்வது 35% குறைவு. நோய் வருவது 25% குறைவு (என் கால்குலேட்டர் 31% என்கிறது). ஒரே ஊர்ப் பெண்கள் பல விஷயங்களில் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பார்கள். அதனால் 80,269 பேரைத் தனித்தனி ஆட்களாக எண்ணிவிட முடியாது. இதைக் கணக்கில் எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் இடையே இருக்கும் மற்ற வேறுபாடுகளையும் சரிக்கட்டி வந்த எண்தான் 35. பெரிய எண் கையில் இருக்கும்போது சின்ன எண்ணைப் போட்டிருக்கிறார்கள். அதோடு, உண்மையான மரணக் குறைவு 11 சதவீதமாகவும் இருக்கலாம், 53 சதவீதமாகவும் இருக்கலாம் என்று எல்லையையும் எழுதியிருக்கிறார்கள். மூல எண்கள் அத்தனையும் இருப்பதால்தான் என்னை மாதிரி பொட்டி தட்டுறவன்கூட உட்கார்ந்து சரிபார்க்க முடிகிறது.

அந்த 92 பேர்

இனிமேல்தான் மனசுக்குக் கஷ்டமான பகுதி. ஒப்பீட்டுப் பக்கத்து 30,958 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை வழங்கப்படவில்லை. அவர்களில் 92 பேர் அதே நோயால் இறந்தார்கள். இதேபோல மும்பையிலும், மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்திலும் (இப்போது தாராசிவ்) பெரிய ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் சேர்த்து ஒப்பீட்டுப் பக்கம் 1,38,624 பெண்கள், 254 மரணங்கள்.

அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சூபா இதைத்தான் 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் கேள்வி கேட்டார். பாப் ஸ்மியர் பரிசோதனை உயிர் காக்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியிருக்க, ஒரு பரிசோதனையும் செய்யாத குழு எதற்கு? ஆய்வாளர்கள் தரப்பு அதே இதழில் பதில் எழுதியது. அவர்கள் வாதத்தின் சாரம், இந்தக் கிராமங்களில் அன்று யாருக்குமே பரிசோதனை வசதி கிடையாது, வழக்கமான கவனிப்பு என்பதே அதுதான், கிராமத்தில் நடைமுறைக்கு ஆகிற எளிய முறை உயிரைக் காக்குமா என்பதற்கு அதுவரை ஆதாரம் இல்லை என்பது.

என் கருத்தைக் கேட்டா, இரண்டு பக்கமும் அலட்சியம் செய்ய முடியாத வாதங்கள். ஆனாலும் எனக்கு மனசு கேட்பவர் பக்கம்தான் சாய்கிறது. வசதி இல்லாத ஊர் என்பதே, வசதி தராமல் எண்ணிக்கொண்டிருப்பதற்கு நியாயம் ஆகிவிடுமா? எந்தத் தொகுதிக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பது, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களின் ஆயுசோடு சம்பந்தப்பட்ட விஷயமாகிவிட்டது.

ஆனால் ஒன்று. இந்தச் சண்டையை நாம் போட முடிவதற்கே காரணம், 92 என்ற எண் கட்டுரையின் சுருக்கத்திலேயே இருப்பதுதான். "மரணம் 35% குறைந்தது" என்று மட்டும் எழுதி முடித்திருந்தால் அந்த 92 பேர் சதவீதத்துக்குள் கரைந்து போயிருப்பார்கள். ஒழுங்காக எழுதிய ஆய்வு தன்மேல் வழக்குப் போடத் தேவையான சாட்சியத்தையும் தானே கொடுத்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை நல்ல அறிக்கைக்கு இதுதான் இலக்கணம்.

பிறகு என்ன ஆச்சு?

2009-ல் உஸ்மானாபாத் ஆய்வின் முடிவு வந்தது. 1,31,746 பெண்கள். அங்கே வைரஸைத் தேடும் எச்.பி.வி. பரிசோதனை மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. ஆனால் திண்டுக்கல்லில் ஜெயித்த வி.ஐ.ஏ. அங்கே குறிப்பிடும்படியான பலன் காட்டவில்லை. அதையும் அதே சங்கரநாராயணன் குழுவே பிரசுரித்தது. தனக்குப் பேர் வாங்கிக் கொடுத்த முறை அடுத்த ஊரில் தோற்றதை எழுத ஒரு நேர்மை வேணும். 2014-ல் வெளியான மும்பை ஆய்வில் வி.ஐ.ஏ. மரணத்தை 31% குறைத்தது. வெறுங்கண்ணால் பார்க்கிற முறை என்பதால் பார்க்கிறவரின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்.பி.வி. பரிசோதனையை முதன்மையாகப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2007-லேயே தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் அரசு வி.ஐ.ஏ. அடிப்படையிலான பரிசோதனையை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. தேனி நமக்குப் பக்கத்து வீடு.

இன்னொரு தற்செயல். லான்செட் கட்டுரை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு, 2007 ஜூலை 20 அன்று, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு (சி.டி.ஆர்.ஐ.) தொடங்கப்பட்டது. ஆய்வு தொடங்கும் முன்பே, எதை எண்ணப் போகிறோம் என்று பகிரங்கமாகப் பதிய வேண்டும். அப்போதான் ரிசல்ட் வந்த பிறகு கோல் போஸ்டை நகர்த்த முடியாது. 2009 ஜூன் 15 முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி இதைக் கட்டாயமாக்கினார். வேலூர் சி.எம்.சி.யின் பிரதாப் தார்யன் குழு இந்தப் பதிவேட்டையும் இந்திய மருத்துவ இதழ்களையும் ஒப்பிட்டு 2013-ல் எழுதியது: ஆய்வு முறைகளைப் பற்றிய விவரம் இதழ்களைவிடப் பதிவேட்டில்தான் நன்றாக இருந்தது. கட்டம் போட்டு "இங்கே நிரப்பு" என்றால் நிரப்புகிறோம், சும்மா எழுதச் சொன்னால் விட்டுவிடுகிறோம் :-(

கன்சார்ட் பட்டியலும் வளர்ந்து 2025 பதிப்பில் 30 அம்சங்களாகியிருக்கிறது. நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும் ஆய்வில் என்ன பங்கு இருந்தது என்பதையும் இப்போது எழுதச் சொல்கிறார்கள். 2000-ல் அந்தக் கேள்வியை யாராவது நம்ம ஊர்ப் பெண்களிடம் கொண்டுபோயிருந்தால் ஒப்பீட்டுப் பக்கம் வேறு மாதிரி அமைந்திருக்குமோ என்னவோ.

கடைசியா ஒன்னு, நண்பர்களே. "ஆய்வில் நிரூபணம்" என்று பேப்பரிலோ வாட்ஸப்பிலோ வந்தால் மூணு கேள்வி கேளுங்க. இரண்டு பக்கமும் எத்தனை பேர்? பாதியில் காணாமல் போனவர்களை எங்கே வைத்து எண்ணினார்கள்? சதவீதம் சரி, தலைக்கணக்கு எவ்வளவு? பதில் எழுதியிருந்தால் மேலே படிங்க. இல்லைன்னா ஃபார்வர்டு பண்ணாம விட்டுடுங்க.